வேலை போன பிறகு முதல் நூறு நாள்: மனசை விடுங்கள், நாளைக் கட்டுங்கள்

பதினோரு நாள் நான் ஆபீசுக்குப் போவது போல நடித்தேன். காலை எட்டேகாலுக்கு லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு மேடவாக்கத்தில் பஸ் ஏறுவேன். பைக்குள் லேப்டாப் கிடையாது. கம்பெனியில் திருப்பிக் கொடுத்தாயிற்று. பை தொளதொளவென்று தெரியக்கூடாது என்று மகளின் பழைய அட்லஸை உள்ளே வைத்திருந்தேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புவேன். வயது 43. சாப்ட்வேர் டெஸ்டிங்கில் பதினாறு வருஷம். அதை முடித்துவைக்க ஒரு வீடியோ காலில் இருபது நிமிஷம் போதுமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி என் மனைவி சாதாரணமாகச் சொன்னாள்: "கழுத்துல ஐடி கார்டு இல்லாம கிளம்பின முதல் நாளே தெரிஞ்சுபோச்சுங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்டுவதற்குச் செலவழித்த அந்தப் பதினோரு நாளும் தண்டம். ஆனால் நூலகத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். என் பக்கத்து நாற்காலிக்கு டி.என்.பி.எஸ்.சி. படிக்கிற பையன் ஒருவன் வருவான். டிபன் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் கால அட்டவணையை ஒட்டி வைத்திருந்தான். ஒன்பதிலிருந்து பத்தரை கணக்கு, பத்தரைக்கு டீ, பத்தே முக்காலுக்குத் தமிழ். குரூப் 2 ரெண்டு முறை கைநழுவிப் போயிருந்தது. எப்படித் தாங்கினாய் என்று கேட்டேன். "தாங்கினதெல்லாம் இல்ல சார். மறுநாளும் ஒன்பது மணிக்கு வந்து உக்காந்தேன், அவ்ளோதான்" என்றான்.

"மனநிலையை மாத்திக்கோ, எல்லாம் சரியாகும்" என்றுதான் எனக்கு எல்லோரும் சொன்னார்கள். என் அனுபவத்தில் அது தலைகீழ். முதலில் நாளுக்கு ஒரு சட்டகம் போட வேண்டும்; மனசு பின்னால் வந்து அதில் உட்காரும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. வேலை போனவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கடையை மூடியவர்களுக்கும் பரீட்சையில் தவறியவர்களுக்கும் பணப் பகுதி மட்டும் வேறாக இருக்கும்.

படி 1: முதல் மூன்று நாள், காகிதம் மட்டும்

இந்த மூன்று நாளில் எதிர்காலத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். மூளை அதற்குத் தயாராக இருக்காது. கை வேலை செய்யும், அதற்குக் காகிதத்தைக் கொடுங்கள்.

கம்பெனி லாகின் துண்டிக்கப்படுவதற்குள் சம்பள ரசீதுகள், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), வேலை நியமனக் கடிதம், கடைசியாக வந்த மதிப்பீட்டு அறிக்கை எல்லாவற்றையும் சொந்த மெயிலில் சேர்த்துவிடுங்கள். வாடிக்கையாளர் தகவல், சாப்ட்வேர் கோட் எதையும் தொடாதீர்கள். ராஜினாமாவாகப் போடச் சொன்னால் அங்கேயே தலையாட்டிவிட வேண்டாம். எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள், அனுபவக் கடிதத்தில் என்ன எழுதுவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். "ஒரு நாள் டைம் கொடுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பலர் மறந்துபோகிறார்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த நிரந்தர ஊழியருக்கு அது உரிமை. வழக்கமான கணக்கு இது: கடைசி அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷங்களால் பெருக்க வேண்டும். அடிப்படை 60,000, சர்வீஸ் 16 வருஷம் என்றால் சுமார் 5,53,800 ரூபாய் வரும். கடைசி வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தால் அதையும் முழு வருஷமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அதை வெளியே வந்த பிறகு கேட்காமல், உள்ளே இருக்கும்போதே எச்.ஆரிடம் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு இது முக்கியம். புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போகலாம்.

படி 2: வீட்டில் சொல்வது

மூன்றாம் நாளைத் தாண்ட விடாதீர்கள். என் பதினோரு நாளின் விலை எனக்குத் தெரியும். அந்த நாட்களில் மகளுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கிக்கொடுத்தேன், எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்ட.

சொல்லும்போது மூன்று விஷயம் சேர்ந்தே வரட்டும்: என்ன நடந்தது, கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, இந்த வாரம் நான் என்ன செய்யப்போகிறேன். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னால் கேட்பவர் வயிற்றில் புளி கரையும். பணக்கணக்கு முடியவில்லை என்றால், "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து கணக்குப் போடுவோம்" என்றாவது சொல்லுங்கள்.

விவரம் தெரிந்த பிள்ளைகளிடமும் சொல்லிவிடலாம். எட்டாவது படிக்கும் என் மகள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "வேன் நிக்குமா, நான் ஸ்கூல் மாறணுமா?" இரண்டும் இல்லை என்றதும் பென்சிலைச் சீவப் போய்விட்டாள். நாம் மறைக்கும்போது குழந்தைகள் கற்பனை செய்வது நிஜத்தைவிட மோசமாக இருக்கிறது.

படி 3: ஒரே பக்கக் கணக்கு

மொபைல் ஆப் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள், வீட்டில் எல்லோரும் புரட்டிப் பார்க்கும்படி. முதல் பக்கத்தில் மூன்று பத்தி. நிறுத்தவே முடியாதது: வீட்டுக் கடன், வாடகை, அரிசி பருப்பு, மருந்து, பள்ளிக் கட்டணம். குறைக்கக்கூடியது: பெட்ரோல், ஓட்டல், ஓ.டி.டி. சந்தாக்கள். இன்றே நிறுத்துவது: எங்கள் வீட்டில் நான் மாதம் 2,400 கட்டி, ரெண்டு முறை போன ஜிம்.

கையில் உள்ள ரொக்கத்தை முதல் பத்தியின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எத்தனை மாதம் என்று தெரியும். எனக்கு ஏழு வந்தது. பயத்துக்கு அளவு கிடையாது, ஏழு மாதத்துக்கு உண்டு. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன்.

கடன் தவணை கட்ட முடியாது போலத் தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அது வாராக்கடன் கணக்கில் போய்விடும், அதற்குப் பிறகு பேசுவதற்கு இடம் குறைவு. முன்கூட்டியே போனால் கால நீட்டிப்பு பற்றிப் பேசலாம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி நாளை ஓட்டாதீர்கள். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி, வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தொடும். நகையை வைத்துக் கடன் வாங்கி அதை அடைப்பதுகூட மேல்.

பி.எஃப். பணத்தை முதல் மாதத்திலேயே துடைத்து எடுக்கும் ஆசை வரும். அது கடைசி வரிசையில் நிற்கட்டும். 2024-25-க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி தந்தார்கள், அவ்வளவு வட்டி சேமிப்புக் கணக்கில் கிடைக்காது. தொடர்ந்து ஐந்து வருஷ சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரியும் வரலாம்.

படி 4: நாளுக்கு நான்கு ஆணி

இதுதான் நடு மையம், கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு மில் ஊர். 1930 வாக்கில் மில் மூடப்பட்டு, ஏறக்குறைய ஊர் முழுக்க வேலை இழந்தது. மரி யஹோடா என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய் மக்களின் அன்றாடத்தைக் கவனித்தார்கள். நேரம் ஏராளமாகக் கிடைத்திருக்கிறதே, நிறையப் படிப்பார்கள் என்றுதானே தோன்றும்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. தெருவில் ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று மறைவாக நின்று நேரம் குறித்தார்கள். மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை பாக்கியிருந்த பெண்கள்தான் வேகமாகப் போனார்கள். யஹோடா பிற்பாடு சொன்னது இது: வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை, நேரத்துக்கு வடிவம், வீட்டுக்கு வெளியே மனிதர்கள், சேர்ந்து செய்யும் நோக்கம், ஓர் அடையாளம், கட்டாயமாக ஒரு செயல் எல்லாவற்றையும் சேர்த்தே தருகிறது.

வேலை போகும்போது இந்த ஐந்தும் ஒரே நாளில் போகின்றன. பதினோரு மணிக்குப் பல் தேய்ப்பது சோம்பேறித்தனம் இல்லை. நாளைத் தாங்கிய ஆணிகள் பிடுங்கப்பட்டுவிட்டன. திரும்ப அடிக்க வேண்டும். நாலு போதும்.

*எழும் நேரம்.* படுக்கும் நேரத்தை நிர்ணயிக்க முயலாதீர்கள், தூக்கம் நம் சொல்லைக் கேட்காது. எழுவதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐந்தே முக்கால். ராத்திரி மூன்று மணிக்குத்தான் கண் அசந்தாலும் அதே ஐந்தே முக்கால். நாலு நாள் நரகம். ஐந்தாம் நாள் ராத்திரி பத்தரைக்கே கண் சொருகியது.

*வெளியே போவது.* "தினமும் நடக்கணும்" என்று தீர்மானம் போட்டால் நடக்காது. ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் கட்டிவிடுங்கள். "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் செய்வது எளிதாகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். என் முடிச்சு: மகளை வேனில் ஏற்றிவிட்ட பிறகு வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றுவதில்லை. கழற்றினால் நாற்காலி இழுத்துக்கொள்ளும். அப்படியே ஏரிக்கரை வரை போய், திரும்பும் வழியில் டீ. டீக்கடைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தைகூட வேலையைப் பற்றிக் கேட்டதில்லை, அதற்காகவே அங்கே போனேன்.

*ஒரு வேலை நேரம்.* பத்தரையிலிருந்து ஒன்றரை. வீட்டில் உட்காராதீர்கள். மாவட்ட நூலகமோ கிளை நூலகமோ நண்பர் கடையின் மாடியோ, எதுவானாலும் சரி. சட்டையை மாற்றிக்கொண்டு போங்கள். லுங்கியில் எழுதும் விண்ணப்பத்துக்கும் பேன்ட்டில் எழுதும் விண்ணப்பத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று நான் நம்புகிறேன், நிரூபிக்க முடியாது.

*பிறருக்குப் பயன்படும் ஒரு காரியம்.* இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நான் சாயங்காலச் சமையலை எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் ரசத்தைக் கொதிக்கவிட்டுக் கெடுத்தேன். ரசம் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும் என்பது 43 வயதில் தெரிந்தது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மூன்று பேர் சாப்பிட்டார்கள், அதற்கு நான் காரணம். ஒரு மறுப்பு மெயில் வந்த நாளில் அது சின்ன விஷயமாக இருக்கவில்லை.

எத்தனை நாளில் பழக்கம் ஒட்டும்? 21 நாள் என்பது கட்டுக்கதை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் சராசரியாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை மாறியது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதே ஆய்வின் இன்னொரு செய்தி: நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய சேதம் இல்லை. ஆகவே நேற்று தவறியதற்காக இன்று வருத்தப்பட்டு இன்றையதையும் தவறவிடாதீர்கள்.

படி 5: ஐந்து நாள் எழுதுங்கள்

மூன்றாவது வாரத்தில் செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம். தினம் 20 நிமிஷம், தொடர்ந்து ஐந்து நாள், வேலை போனதைப் பற்றி மனதில் உள்ளது அத்தனையும். நடை, இலக்கணம் பார்க்காதீர்கள். யாரும் படிக்கப் போவதில்லை.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் வேலை பறிபோனவர்களிடம் இதைச் செய்து பார்த்து 1994-ல் வெளியிட்டார்கள். வேலை போன வலியைப் பற்றி எழுதியவர்கள், வெறுமனே நேரத் திட்டமிடலைப் பற்றி எழுதியவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குப் போனார்கள். இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக இன்டர்வியூவுக்குப் போகவில்லை. பழைய கம்பெனி மேல் இருந்த கசப்பு இன்டர்வியூ மேஜையில் வழிந்திருக்காது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். என் முதல் இன்டர்வியூவில் வழிந்தது. "ஏன் வெளியே வந்தீங்க?" என்ற கேள்விக்கு எட்டு நிமிஷம் பதில் சொன்னேன்.

ஐந்தாம் நாள் எழுதி முடித்ததும் ஒரு பக்கத்தை இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் என் கையில் இல்லாதது. என்னுடையதில்: வாடிக்கையாளர் புராஜெக்டை இழுத்துக்கொண்டது, பட்ஜெட் வெட்டு, என் வயதும் சம்பளமும். மறுபக்கம் என் கையில் இருந்தது. இங்கே எழுதக் கை கூசும். 2019-ல் ஒரு முறை, 2022-ல் ஒரு முறை, ஆட்டோமேஷன் (சாப்ட்வேரை ஆள் சோதிக்காமல் புரோகிராமே சோதிப்பது) கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். "டீம் லீடுக்கு எதுக்கு அதெல்லாம்" என்று ஜூனியர் பையன்களை அனுப்பிவிட்டேன். அதை எழுதிய அன்று ரொம்ப வலித்தது. ஆனால் அடுத்த மூன்று மாதம் பத்தரை முதல் ஒன்றரை வரை என்ன செய்வது என்பதற்குப் பதில் அந்த ஒரு வரியில் இருந்தது. முழுப் பழியையும் உலகத்தின் மேல் போட்டால் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது, முழுப் பழியையும் தன் மேல் போட்டுக்கொண்டால் செய்வதற்குத் தெம்பு மிஞ்சாது.

படி 6: கல்யாண வீட்டுக் கேள்விக்கு இரண்டு வரி

"இப்ப எங்கப்பா இருக்கே?" வரும். பந்தியில் சாம்பார் ஊற்றும்போது வரும். ஒளிந்துகொள்ள வேண்டாம், முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "எங்க கம்பெனியில ஆள் குறைச்சாங்க மாமா, நானும் அதுல ஒருத்தன். ஆட்டோமேஷன் பக்கம் தேடிட்டிருக்கேன், உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க." அவ்வளவுதான், அப்பளம் கேளுங்கள். பாதிப் பேர் உடனே பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பாதியில் ஒருவர் நிஜமாகவே யாரையாவது தெரிந்தவராக இருப்பார்.

படி 7: தேடலை எண்ணுவது எப்படி

கிடைத்த இன்டர்வியூக்களை எண்ணாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. அனுப்பியதை எண்ணுங்கள். என் வாரக் கணக்கு: பொருத்தமான வேலைக்கு ஐந்து விண்ணப்பம், பழகியவர்களுக்கு மூன்று போன், ஒருவரோடு நேரில் டீ, கற்றலில் ஒரு சின்னத் துண்டு முடித்தல். வெள்ளிக்கிழமை நோட்டில் டிக் அடிப்பேன்.

போனில் "வேலை இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்வது சுலபம். "உங்க டீம்ல இப்ப என்ன டூல் ஓடுது, என்னை மாதிரி ஆள் எதைக் கத்துக்கிட்டா உள்ள வரலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். வேலை போட்டுத் தர முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

படி 8: தொண்ணூறு நாளுக்கு மூன்று பூட்டு

கையில் மொத்தமாகப் பணம் வரும், மனசில் காயம் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. தொண்ணூறு நாளுக்கு மூன்றைப் பூட்டி வைத்தேன். ஒன்று, புதுத் தொழிலில் முதலீடு. டீக்கடை பிராஞ்சைஸ், கிளவுட் கிச்சன் எல்லாம் இதில் அடக்கம். ஐடியா நல்லதாகவே இருக்கட்டும், தொண்ணூறு நாள் கழித்தும் நல்லதாகத்தான் இருக்கும். இரண்டு, சொத்து விற்பது. மூன்று, பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ, அதாவது பங்கின் நாளைய விலை மேல் பந்தயம் கட்டும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ். என் செட்டில் வேலை போன மூன்று பேர் அதில் இறங்கினார்கள். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் விளையாடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகவும், ஆளுக்குச் சராசரியாகச் சுமார் இரண்டு லட்சம் போனதாகவும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

படி 9: மோசமான நாளுக்கென்று ஒரு சீட்டு

வரும். எனக்கு அறுபதாம் நாள் வாக்கில் வந்தது. இறுதிச் சுற்று வரை போன இடத்தில் ஆளெடுப்பையே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு என்ன செய்வது என்று அன்றைக்கு யோசிக்க முடியாது, நல்ல நாளில் எழுதி வையுங்கள். என் சீட்டில் இருந்தது: குளி. சாப்பிடு. நாலு ஆணியில் ஒன்றையாவது அடி. இன்னாருக்குப் போன் செய். குடிக்காதே. அந்த "இன்னார்" அறிவுரை சொல்லாத ஆளாக இருக்க வேண்டும், தேர்வு செய்யும்போது அது ஒன்றுதான் தகுதி.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, குடி கூடிக்கொண்டே போகிறது, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் இது சீட்டில் தீர்கிற விஷயம் இல்லை. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம். கால் முறிந்தால் மாவுக்கட்டுக்குப் போவதைப் போலத்தான் போய்விட்டு வர வேண்டும்.

படி 10: வேலை கிடைத்த பிறகு

எனக்கு எட்டாவது மாதம் கிடைத்தது, பழைய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சேர்ந்த முதல் மாதத்திலேயே இரண்டு காரியம். கம்பெனியை நம்பாமல் குடும்பத்துக்குத் தனி மருத்துவப் பாலிசி. அடுத்து, நோட்டின் முதல் பத்தித் தொகையைப் போல ஆறு மடங்கு சேரும் வரை மாதம் ஒரு தொகை தனிக் கணக்கில். என்னுடையது இன்னும் நாலைத் தொடவில்லை.

எழும் நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சமையல் சனி, ஞாயிறு என்று சுருங்கிவிட்டது. நோட்டு மிக்ஸிக்கு மேல் தட்டில் இருக்கிறது. இப்போது அதன் பின்பக்கத்திலிருந்து என் மனைவி பால் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறாள். நடுவில் இன்னும் பதினாலு பக்கம் காலி.